புது டீச்சரின் ஃபட்ஜ்

பொறாமை என்று ஒன்று எனக்குக் கிடையாது என்று நாற்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி கழுத்தில் புதுச் சங்கிலி கிடந்தால், நல்லாருக்கே என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். என் அண்ணன் மாடி வைத்து வீடு கட்டியபோதுகூட வயிறு எரியவில்லை. அப்படிப்பட்டவளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி வைத்திருந்த சாக்லேட் துண்டுகள் கவிழ்த்துப் போட்டன என்றால் யார் நம்புவார்கள்?

எனக்கு வீடு இராமநாதபுரத்தில், வேலை உப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். காலையில் தொண்டி பஸ். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையைத் தூக்கி இரண்டு பேர் சீட்டில் போட்டுவிடுவேன். அந்த ஜன்னலோரம் எனக்கல்ல, தேவிபட்டினத்தில் ஏறும் என் சிநேகிதிக்கு. அவளும் அதே பள்ளியில்தான் டீச்சர். காற்று முகத்தில் படாவிட்டால் அவளுக்குக் குமட்டும். தேவிபட்டினம் வரும் வரை நான் பைக்குக் காவல். மற்ற நாளில் பரவாயில்லை. அமாவாசை அன்று தேவிபட்டினம் கடலில் தர்ப்பணம் கொடுக்கப் போகிற கூட்டம் வண்டியை நிரப்பிவிடும். நிற்கிற பாட்டையாக்கள் எல்லாம் என்னை முறைப்பார்கள். பைக்கும் டிக்கெட் எடுத்துருங்க டீச்சர் என்பார் கண்டக்டர். நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்துகொள்வேன். பதினோரு வருஷம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றும் வாங்க போங்க என்றும்தான் கூப்பிடுவோம். அங்கே எல்லோரும் அப்படித்தான். பஸ்ஸில் ஏறிவிட்டால் வா, போ. வீட்டுக்காரர், மாமியார், முழங்கால் வலி, பிள்ளைகளின் மார்க் என்று அவள் பேசாதது ஒன்றும் கிடையாது. அவளைப் பற்றி அவள் புருஷனுக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை அப்போது நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித் தெரிந்ததில் ஒன்று அவளுடைய சுகர். புது டீச்சர் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. இராமநாதபுரத்தில் ஒரு லேபுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. அம்மாவுக்குச் சுகர் என்றால் மகளுக்கும் வரும் என்று சம்பந்தத்தையே தட்டிக்கழிக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஜாதகத்தோடு சேர்த்து இதையும் விசாரிப்பார்கள். யாரிடமும் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்வேனா என்று கோபித்துக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு நானே அவளுக்கு மூன்று அதிரசம் பொதிந்து கொடுத்தேன். மாத்திரை போட்டுக்க, ஒன்றும் ஆகாது என்று நானே சொன்னேன். இதை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

என் அதிரசத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்வேன். நான் கமுதிப் பக்கத்துக்காரி. வெல்லப்பாகில் என் கைப்பதம் தப்பியது கிடையாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டிப் பார்த்தே இறக்க வேண்டிய நேரத்தைச் சொல்லிவிடுவேன். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் நாலு வீட்டு அடுப்படியிலிருந்து எனக்கு அழைப்பு வரும். பள்ளிக்கூடத்திலும் பலகாரம் என்றால் என் டப்பாதான். ஸ்டாஃப் ரூமில் அது திறந்தால் நோட்டுத் திருத்துகிற வேலையெல்லாம் நின்றுபோகும்.

அடுத்த ஜூனில் புது டீச்சர் வந்தார். முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரருக்கு அனல்மின் நிலையப் பக்கம் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு பிடித்திருந்தார்கள். வந்த இரண்டாவது வாரமே ஒரு டப்பா கொண்டுவந்தார். உள்ளே சதுரம் சதுரமாக, விளிம்பு பிசிறாமல், பழுப்பு நிறத் துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முந்திரிப் பருப்பு. இதற்குப் பெயர் ஃபட்ஜ் என்றார். என்ன, நம்ம பர்பி மாதிரியா என்று நான் கேட்டேன். ஆமா டீச்சர், அது மாதிரிதான், ஆனா அடுப்பே வேண்டாம், மைக்ரோவேவில் ஒன்றரை நிமிஷம் என்றார்.

என் சிநேகிதி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவே இல்லை. அப்படியே கரையவிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "எங்க டீச்சர் இருந்தீங்க இத்தன நாளா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அதிரசத்தைப் பதினோரு வருஷம் தின்றிருக்கிறாள். ஒரு நாளாவது கண்ணை மூடினாளா என்று யோசித்துப் பார்த்தேன். மூடியதாக நினைவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு டப்பா வந்தது. வெள்ளைச் சாக்லேட், தேங்காய்த் துருவல், காப்பித்தூள் என்று வகைவகையாக. என் டப்பா திறந்தாலும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்த விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. பழைய ஆள் மனம் கோணக்கூடாதே என்கிற மரியாதை. அது எனக்கு அறவே பிடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். வண்டி தூரத்தில் வரும்போது சிநேகிதி, "நீ போ, நான் அடுத்த பஸ்ல வாரேன். டீச்சர் வீட்டுல அத எப்படிச் செய்யிறதுன்னு பாத்துட்டு வாரேன்" என்றாள். சரி என்றேன். நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தால் வா என்றிருப்பாள். அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன். அவள் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாகக் கிடந்தது. திருப்பாலைக்குடி தாண்டும் வரை அதில் யாரையும் உட்காரவிடாமல் பையை வைத்துக்கொண்டே போனேன். பிறகுதான் புத்தி வந்து பையை எடுத்தேன்.

என் வீட்டிலும் மைக்ரோவேவ் உண்டு. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டு, மேலே ரொட்டி பாக்கெட்டும் மாத்திரை டப்பாவும் வைத்திருந்தேன். எப்போதாவது பால் சுடவைப்பதோடு சரி. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உறையைக் கழற்றினேன். செய்முறை எனக்கு மனப்பாடம். ஸ்டாஃப் ரூமில் யார் கேட்டாலும் புது டீச்சர் ஒளிக்காமல் சொல்வார். பக்கத்து மேஜையில் நோட்டுத் திருத்துவதுபோல் இருந்துகொண்டு நானும் கேட்டிருந்தேன். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். உடைத்த சாக்லேட் கட்டி இரண்டு கப். வெண்ணெய் ஒரு கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு நிமிஷம் வைத்து, எடுத்துக் கிளறி, மறுபடி அரை நிமிஷம். தட்டில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஒன்றரை நிமிஷத்தில் எந்தப் பாகு பதத்துக்கு வரும்? வெளியே எடுத்தபோது கூழாக இருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுத் திரட்டினேன். திரளவில்லை, கரைந்து ஓடியது. புது டீச்சர் வேண்டுமென்றே நேரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. யாருக்கும் சரியாக வந்துவிடக் கூடாது என்று ஒன்றை மறைத்துச் சொல்கிற சாமர்த்தியசாலிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மறுபடி ஒரு நிமிஷம் வைத்தேன். திரளவில்லை. இன்னொரு நிமிஷம். அப்புறம் இரண்டு. கடைசியில் தண்ணீரில் விட்ட சொட்டு உருண்டையாக நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் கத்தி இறங்கவில்லை. குழவிக்கல்லால் தட்டியதில் தட்டுதான் நெளிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு மூலையை நக்கிப் பார்த்துவிட்டு, காம்பவுண்டுச் சுவருக்கு ஆகும் என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் கெட்டது. கரி வாசனை திரைச்சீலையில் ஏறிக்கொண்டது. மூன்றாவது வாரம், வேறு வழியில்லாமல், எதேச்சையாகக் கேட்பதுபோல் புது டீச்சரிடமே கேட்டேன். அந்தப் பெண் முகம் மலர்ந்து சொன்னார்: "பதம் பாக்காதீங்க டீச்சர். கொஞ்சம் கட்டி உருகாம இருக்கும்போதே எடுத்துரணும். மிச்சம் அந்தச் சூட்டுலயே உருகிரும். அப்புறம் ஃபிரிட்ஜ் பாத்துக்கும்." வீட்டுக்கு வாங்க, செய்து காட்டுகிறேன் என்றும் சொன்னார். மறைத்தது ஒன்றுமே இல்லை. ஆள் மோசமாக இருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சொன்னபடி செய்தேன். வந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில் வெயிலுக்கு உருகிவிடாமல் இருக்க, டப்பாவை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஸ்டாஃப் ரூமில் திறந்து, சும்மா வீட்டில் செய்து பார்த்தேன் என்றேன். யாரிடம் கற்றேன் என்று சொல்லவில்லை. புது டீச்சரும் சொல்லிக் காட்டவில்லை. ரொம்ப நல்லா வந்திருக்கு டீச்சர் என்று இரண்டாவது துண்டு எடுத்தார். என் சிநேகிதி ஒன்றை வாயில் போட்டாள். நான் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூடவில்லை. நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு டீச்சர். ஆனா அவுங்க செய்யிறது இன்னும் மெத்துன்னு இருக்கும்ல" என்றாள்.

அதில் வஞ்சகம் எதுவும் கிடையாது. அவள் எப்போதும் உள்ளதைச் சொல்கிறவள். என் குழம்பில் உப்பு கூடினாலும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அன்று எனக்குக் காது அடைத்துப்போனது. அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அவள் சொன்னதற்கெல்லாம் ம் கொட்டினேனே தவிர ஒன்றும் மனதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை புது டீச்சருடைய பிறந்தநாள். பெரிய டப்பா வந்தது. பேரீச்சம்பழம் போட்ட ஃபட்ஜ். ஸ்டாஃப் ரூமில் ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் இருந்தோம். எங்களில் மூத்த டீச்சர் ஒருவரும் இருந்தார். என் சிநேகிதி மகளுக்கு அப்போது பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் தூரத்துச் சொந்தம். இதுவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். பஸ்ஸில் அவள்தான் சொல்லியிருந்தாள்.

சிநேகிதி ஒரு துண்டைத் தின்றுவிட்டாள். புது டீச்சர் உரிமையோடு இன்னொரு துண்டை எடுத்து, இது உங்களுக்குன்னே ஓரத்துத் துண்டு என்று அவள் கையில் வைத்தார். ஓரத்துத் துண்டு அவளுக்குப் பிடிக்கும் என்பது எனக்கே தெரியாது. அந்த நொடியில் என் வாய் திறந்துகொண்டது.

"வேணாம் டீச்சர். உங்களுக்குத்தான் சுகர் இருக்குல்ல."

குரல் அவ்வளவு அக்கறையாக வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அக்கறை என்றுதான் நினைத்திருப்பார்கள். புது டீச்சர், ஐயோ எனக்குத் தெரியாதே என்று பதறினார். மூத்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அப்படியா, எத்தனை நாளாக என்று கேட்டார். என் சிநேகிதி அந்தத் துண்டை டப்பாவில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள். ஒரு வருஷமா இருக்கு டீச்சர் என்று நிதானமாகப் பதில் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்தது. எல்லோரும் வகுப்புக்குப் போனோம். நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கை ஒரே பலகையில் மூன்று முறை தப்பாகப் போட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு தரம் பேச்செடுத்தேன். உன் உடம்புக்குத்தானே சொன்னேன் என்றுகூட வெட்கமில்லாமல் சொன்னேன். தேவிபட்டினத்தில் எழுந்து, என் முழங்காலைத் தாண்டிப் போகும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கறைன்னா இங்கன வச்சுச் சொல்லிருப்ப. அங்கன வச்சு ஏன் சொன்ன?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

மறுவாரத்திலிருந்து அவள் எனக்கு முந்தின பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். நான் ஆறு நாள் ஜன்னலோரத்தில் பை போட்டேன். ஏழாவது நாள் தேவிபட்டினத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி ஏறி, ஆள் வருதாக்கா என்று கேட்டாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாப்பிள்ளை வீடு அமையவில்லை. அவர்களாகவே பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஒரு வாக்கியத்தால்தானா, வேறு காரணமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கிற தைரியமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள், கொய்யா வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாங்க டீச்சர் என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். உட்காருங்க என்றாள். காப்பி கொடுத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பற்றிப் பேசினாள். அவ்வளவு மரியாதைக்கு முன்னால் மன்னிப்பு என்ற சொல்லை எங்கே எடுத்து வைப்பது? டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். கழுவ வேண்டாம் டீச்சர், வையுங்க என்றாள் அதற்கும்.

தை பிறந்ததும் வேறு நல்ல இடமாக அமைந்தது. பையன் பரமக்குடியில் வேலை பார்க்கிறான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த அன்றுதான் எனக்கும் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை பெரிய செய்தி வேறு வாயால் எனக்கு வந்து சேர்கிறதே என்று ஒரு பக்கம் எரியவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அன்று கண்டுகொண்டேன்.

பத்திரிகை அடித்து வந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை வைப்பதில் இரண்டு விதம் உண்டு. வேண்டப்பட்டவர்களுக்கு என்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வீட்டுக்கே வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு வைத்துக் கொடுப்பார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள், பழகினவர்கள் என்றால் வேலை பார்க்கிற இடத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கி, புதுச் சேலை கட்டி, பாலை உறை ஊற்றாமல் காப்பிக்கு எடுத்து வைத்துக் காத்திருந்தேன். யார் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் சிநேகிதி ஒரு பையோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். தலைமை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, மூத்த டீச்சர், கணக்கு சார் என்று மேஜை வரிசையில் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆறாவதாக என் மேஜை. கட்டாயம் குடும்பத்தோட வந்துருங்க டீச்சர் என்றாள். முந்தின மேஜைக்கும் அதைத்தான் சொல்லியிருந்தாள். கவரில் என் பெயருக்குக் கீழே குடும்பத்தார் என்று எழுதியிருந்தது. பதினோரு வருஷமாகத் தெரிந்த கையெழுத்து.

அடுத்தது புது டீச்சருடைய மேஜை. அதைத் தாண்டிப் போய்விட்டாள். கொடுக்கவே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு உச்சந்தலையில் எண்ணெய் வைத்ததுபோல் குளிர்ந்தது. புது டீச்சரைக் கழித்துவிட்டாள் என்று நினைத்தேன். என்ன மனஸ்தாபமோ என்று ஆவலாக அந்தப் பக்கம் திரும்பினேன்.

புது டீச்சர் என் கவரைப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி என் பக்கம் சாய்ந்தார். "எங்களுக்கு நேத்தே ரெண்டு பேருமா வீட்டுக்கு வந்து தட்டுல வச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க டீச்சர். உங்களுக்குத்தான் மொதல்ல வச்சிருப்பாங்க. எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கள்ளம் தெரியாது. எங்கள் பதினோரு வருஷத்தைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். என் கையில் இருக்கிற இந்தக் கவரை, மேஜை வரிசையில் என்னை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கொடுத்த இன்னொன்று என நினைத்திருப்பார்.

சிநேகிதி இரண்டு மேஜை தள்ளி நின்று ஒரு கவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது.

"போன ஞாயித்துக்கிழமையே வந்தாங்களே" என்றேன்.

பொய் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அல்லது நிமிர்ந்து என்னைப் பார்த்தாலே போதும். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் என் நிலைமை தெரிந்துபோகும். அவள் அந்தப் பெயரை எழுதி முடித்தாள். மூடியைப் பேனாவில் போட்டாள். அந்தக் கவரையும் கொடுத்துவிட்டு வெளியே போனாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.